வற்று நேரம்

முதலில் வந்தது
பையனின் தடுப்பூசி அட்டை.
காஸ்த்ரோ சால்மன் ஆலையில்
இருபத்தேழாம் எண் லாக்கர் என்னுடையது.
ரப்பர் பூட்சுக்கு அடியில் வைத்தாள்.
"நோல்ஃபா, இது இங்கே இருக்கட்டும்."
இருக்கட்டும் என்றேன்.
வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் வீட்டுச் சாவியின் நகல்.
பிறகு ஒரு காலுறை. அதன் ஜோடி
பதினொரு நாள் கழித்து வந்தது.
இன்ஹேலர். கம்பளிக் குல்லாய்.
மணிக்கட்டின் எக்ஸ்ரே, நான்காய் மடித்து.
எக்ஸ்ரேயை மடிக்கக் கூடாது.
மடிக்காமல் வெளியே கொண்டுவர
அவளுக்கு வழியில்லை.

எங்கள் தீவில்
வீட்டையே பெயர்த்து மாடு பூட்டி இழுப்போம்.
ஊரே வந்து கயிறு பிடிக்கும்,
முடிந்ததும் விருந்து.
அரோல்தோ எப்போதும் முதல் ஆளாய்ப் பிடிப்பான்.
தேவாலயக் கூரைக்கு மரச்சில்லு அடிக்க
மழையில் ஏறியவனும் அவன்தான்.
அவனைப் பற்றிச் சொன்னால்
யார் நம்புவார்?
வீடு நகர ஊர் திரளும்.
யாஸ்னா நகர்ந்தாள்,
காலுறை காலுறையாக.

சம்பளம் வங்கியில் விழுந்ததும்
அவன் போன்தான் முதலில் சிணுங்கும்.
ஆகவே மதியச் சாப்பாட்டுச் சீட்டை விற்றாள்.
என் உருளைக்கிழங்கு ரொட்டியில் பாதி அவளுக்கு.
"பசியில்லை" என்பாள்,
சொல்லிக்கொண்டே தின்பாள்.

உறைகிடங்கில் நின்று
என் போனில் ஒரு பெண்ணிடம் பேசினாள்.
கதவுக் கண்ணாடி வழியே
வாயிலிருந்து எழும் ஆவி மட்டும் தெரிந்தது.
வெளியே வந்து சொன்னாள்:
"போகும் நாள்தான் மோசமான நாளாம்.
சண்டை போட்டுக்கொண்டு போகாதே என்கிறார்கள்.
அன்றைக்கும் சூப் வை,
அன்றைக்கும் அவன் சட்டையை அடுப்பருகே காயப்போடு."

அவள் வீடு கம்பங்கள்மேல் நிற்பது.
முன்வாசலுக்கு எதிரே
கொழுந்தனின் டயர் கடை, எந்நேரமும் கண்.
பின்வாசலுக்குக் கீழே கடல்.
ஆனால் கடல் எந்நேரமும் இருப்பதில்லை.

ஓத அட்டவணை எங்கள் லாக்கர் சுவரில் தொங்கும்.
பேனாவால் குறிக்கவில்லை அவள்.
ஜூன், அமாவாசைக்கு மறுநாள் இரவு,
நகம் அழுந்திய சிறு பிறை.
அவன் சிப்பிப் பண்ணை மிதவையில் இருப்பான்.
பின்படிகள் ஒன்பது, மூன்றாவது முனகும்.
பையனுக்கு அது விளையாட்டு:
விளக்கில்லாமல் இறங்கி
மூன்றைத் தாண்டிக் குதித்து
சேற்றில் மட்டி பொறுக்குவது,
சிரிக்காமல்.

ஜூனில் புயல். துறைமுகத்தை மூடினார்கள்.
அவன் வீட்டிலேயே இருந்தான்.
திங்களன்று கழுத்தில் சால்வையோடு வந்தாள்,
கத்தியைத் தீட்டினாள்,
ஒரு மணி நேரத்தில் வழக்கத்தைவிட
அதிக மீன் வெட்டினாள்.
மாலையில் பார்த்தேன்:
ஜூலையில் ஒரு பிறை.

எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் தெரிந்துவிடும்.
தெரிந்ததை என் முகம் வைத்துக்கொள்ளாது.

ஜூலையில் ஒரு செவ்வாய், லாக்கர் காலி.
அவள் போன் வீட்டில்
தலையணைக்கடியில் சார்ஜில் கிடந்ததாம்,
நல்ல பிள்ளையாய்,
அவள் உறங்குகிறாள் என்று காட்டிக்கொண்டு.

மூன்றாம் நாள் அரோல்தோ ஆலை வாசலில்.
அழுதான். அழுகை நிஜம்தான், அதையும் சொல்ல வேண்டும்.
என் கையைப் பிடித்துக்கொண்டு
"எங்கே?" என்றான்.
தெரியாது என்றேன்.
உண்மை பேசுவது
இத்தனை வசதியாய் எனக்கு வாய்த்ததில்லை.
கையை விடுவிக்கத்தான் நேரமாயிற்று.
விரல் தடம் மாலைவரை இருந்தது.

ஒன்றே ஒன்றை விட்டுப் போயிருந்தாள்,
பூட்சுக்குள்.
அந்தச் சாவி.

கடலில் எறியப் போனேன்.
வற்றியிருந்தது.
சேற்றில் கிடந்தால் யாராவது எடுப்பார்கள்.
அட்டவணைப்படி இன்னும் நான்கு மணி நேரம்.
மழை தொடங்கியது.
நான் போகவில்லை.